கரண்ட் போய் வந்த பிறகும் அதே எண்

தினா,

இதை வாட்ஸப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாய் என்று லாவண்யா சொன்னாள். அதனால்தான் காகிதம். நாளை அவள் இங்கே வரும்போது அவள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த களைப்புத் தீர்ந்த பிறகு, சாப்பிட்டுவிட்டு, உன் அறையில் உட்கார்ந்து படி. இந்தச் சித்தூருக்கும் நீ இருக்கிற திருப்பதிக்கும் நடுவில் ஒரு பஸ் தூரம். அதற்கு ஒரு கடிதமா என்று உனக்குத் தோன்றலாம். அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு போனவன், பங்குனி போய் ஆடி வந்தும் இந்த வாசலை மிதிக்கவில்லை. நடுவில் ஒரே ஒரு செய்திதான் அனுப்பினாய். "என்னாலதான்மா" என்று. அதற்கு என்ன பதில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, போடவில்லை. இப்போதும் முழுசாகத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதினால் ஏதாவது தெரியுமோ என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத் தெரிந்த சங்கதிகளும் இதில் வரும். லாவண்யாவும் படிப்பாள், அவளுக்காக முதலிலிருந்தே சொல்கிறேன்.

எனக்குக் காது ஒரே நாளில் போகவில்லை. மாம்பழக் கூழ் ஃபேக்டரியில், ஊரார் சொல்கிற மாங்கா பல்ப்பு ஃபேக்டரியில், என் லேப் அறைக்கும் டின் மூடும் மெஷினுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான் இருந்தது. கூழின் இனிப்பையும் புளிப்பையும் அளந்து எழுதுவது என் வேலை. அந்த மெஷினின் சத்தத்தைக் கேட்பது என் தலையெழுத்து. சீசனில் இரவு பகல் இல்லாமல் ஓடும். முதலில் குருவிச் சத்தம் போயிற்று. அப்புறம் குக்கர் விசில். ஒருநாள் நீ என் முதுகுக்குப் பின்னால் நின்று பரீட்சை மார்க் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய், நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கோபித்துக்கொண்டு நீ சாப்பிடாமல் படுத்துவிட்டாய். பிறகுதான் வேலூரில் காட்டினோம். நரம்பே போய்விட்டது, காதுக்கு மிஷின் வைத்தாலும் இரைச்சல்தான் பெரிதாகும், பேச்சு கேட்காது என்றார்கள். அன்று முதல் உதட்டைப் பார்த்துப் பழகினேன். தமிழ் பேசும் உதடு எனக்கு முழுசாகப் புரியும். தெலுங்கு பாதி. எதிர் வீட்டு விஜயம்மாவும் நானும் அந்தப் பாதியிலேயே இத்தனை வருஷம் சிநேகிதம்.

உன் அப்பா கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். ரிட்டயரான பிறகும் காணிப்பாக்கம் போகிற வழியில் உள்ள ஊர்க்காரர்கள், கன்றுக்கு வயிறு உப்பிக்கொண்டது, மாடு தீனி எடுக்கவில்லை என்று அவரைத்தான் தேடி வருவார்கள். மொபெட்டில் போவார், பொழுது சாயத் திரும்புவார். நான் தனியாக இருப்பதால் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். பெல் அடித்தால் எனக்குக் கேட்காது. அவர் நிற்பார், நிற்பார், கடைசியில் வீட்டைச் சுற்றிச் சந்து வழியாகப் போய் சமையலறை ஜன்னலைத் தட்டுவார். கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சர்வ தரிசனத்துல நின்னாகூட சாமி சீக்கிரம் கெடைச்சுடறாரு. உன் தரிசனத்துக்கு எவ்ளோ நேரம்டி நிக்கறது?" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் மழையில் நனைந்தும் நின்றிருக்கிறார்.

அதைப் பார்த்துத்தான் நீ தசரா லீவில் வந்தபோது அந்த ஏற்பாட்டைச் செய்தாய். வாசலில் வைஃபை பெல். ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சின்ன போர்டு. சமையலறையில் ஒரு பல்பு, படுக்கை அறையில் ஒரு பல்பு. வாசலில் யாராவது பெல்லை அமுக்கினால் அது போர்டுக்குச் சொல்லும், போர்டு பல்புகளுக்குச் சொல்லும், அவை மஞ்சளாக மின்னி மின்னி அணையும். முதல் நாள் உன் அப்பா சின்னப் பிள்ளை மாதிரி வாசலுக்கும் சமையலறைக்குமாக ஓடினார். அமுக்கிவிட்டு ஓடி வந்து நான் திரும்பிப் பார்க்கிறேனா என்று பார்ப்பார். "மாங்கா பல்ப்பு காதைப் புடுங்கிக்கிச்சு, இந்த பல்பு திருப்பிக் குடுத்துடுச்சு பாரு" என்று விஜயம்மாவிடம் தெலுங்கில் சொல்லி, அவளுக்குப் புரியாமல், மறுபடி விளக்கினார். நீ உன் அப்பாவை, உன் நைனாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதில் ஒரு குறை இருந்தது. கரண்ட் போய் வந்தால் சில சமயம் பல்பு மின்னாது. நான் உனக்குச் செய்தி அனுப்பினேன். நீ வீடியோவில் வந்து, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னாய். "அம்மா, போர்டு அந்த பல்பை நம்பர் வச்சுத்தான் கூப்பிடுது. அந்த நம்பரை நம்ம ரவுட்டர்தான் குடுக்குது. கரண்ட் போயி வந்தா ரவுட்டர் எல்லாத்துக்கும் புதுசா நம்பர் பிரிச்சுக் குடுத்துடுது. போர்டு பழைய நம்பரையே கூப்டுக்கினு இருக்குது. அட்ரஸ் ரிசர்வ் பண்ணிட்டா மாறாது. வர்றப்ப பண்றேன்மா." அதன் பிறகு இரண்டு தடவை வந்தாய். ஒரு தடவை லாவண்யா வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள், நிச்சயப் பேச்சு. இன்னொரு தடவை இரவு வந்து விடிகாலையில் ஷிஃப்டுக்குப் போனாய். நானும் ஞாபகப்படுத்தவில்லை. பல்பு மின்னாத நாட்களில் அவர் ஜன்னலைத் தட்டுவார், நான் திறப்பேன். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பிற்பகல் காற்று பலமாக அடித்தது. கரண்ட் போயிற்று, வந்தது, மறுபடி போய் வந்தது. உன் அப்பா ஒரு கன்றுக்குட்டியைப் பார்க்கப் போயிருந்தார். நான் பின்பக்கம் சமையலறையில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். பல்பு என் எதிரில்தான் இருந்தது. மின்னவில்லை. விஜயம்மா பிறகு சொன்னதுதான் எனக்குத் தெரியும். மொபெட்டை நிறுத்திவிட்டு பெல்லை அமுக்கினாராம். கொஞ்சம் நின்று மறுபடி அமுக்கினாராம். அப்புறம் படியில் உட்கார்ந்தாராம். அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினாராம், எப்போதும் காட்டுகிற மாதிரி. அவள் துணியை மடித்து வைத்துவிட்டு வந்து பார்க்கும்போது தலை சுவரில் சாய்ந்திருக்கிறது. ஓடிவந்து கதவை இடித்திருக்கிறாள். பிறகு சந்து வழியாக ஓடி வந்து விளக்குமாற்றுக் கட்டையால் ஜன்னல் கம்பியை அடித்தாள். ஜன்னலில் ஒரு விளக்குமாறு ஆடுவதைத்தான் நான் முதலில் பார்த்தேன். அவள் வாயைப் பார்த்தேன். "அன்னய்யா, பயட்ட, பயட்ட" என்றாள். வெளியே என்று சொல்கிறாள் என்று புரிந்தது.

கடைசியில் என்ன சொன்னார் என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நீ கேட்கவில்லை. அவர் உதடு அசையவில்லை. அசைந்திருந்தால் நான் படித்திருப்பேன்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணைத் திறந்து பார்த்தார், விஜயம்மாவிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். நீ வந்து சேர்ந்ததும் அவளைத்தான் கேட்டாய். அவளுக்கு மறைக்கத் தெரியாது. மாரடைப்பு, கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிட்டாள். அந்த நேரம் உன் முகத்தை நான் பார்த்தேன். வீட்டில் உன் சித்தப்பா, அத்தனை பேருக்கு நடுவில், "இந்த எழவு பல்ப நம்பி எங்க அண்ணன வாசல்ல உக்கார வச்சு சாவடிச்சிட்டீங்களேடா" என்று உன்னைப் பார்த்துச் சொன்னதையும் பார்த்தேன். எனக்குச் சத்தம் கிடையாது. வாய் மட்டும்தான். சத்தம் இல்லாமல் பார்க்கும்போது அந்தச் சொற்கள் ஏதோ டீவியில் ஓடுகிற மாதிரி இருந்தன. நான் எழுந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன். அவர் போர்டையும் பல்புகளையும் பிடுங்கி அலமாரிக்குள் போட்டார். அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அழவில்லை என்பது ஊருக்கே தெரியும். "அழுதுடு அக்கா, உள்ள வச்சுக்காத" என்று வந்தவர்கள் எல்லாரும் என் முதுகைத் தடவினார்கள். உள்ளே ஒன்றும் இல்லை, தினா. இருந்தால்தானே வெளியே வரும். உன் அப்பா சட்டைகளைத் துவைத்து மடித்து அவர் ஊர்க்காரர்களுக்குக் கொடுத்தேன். பென்ஷன் ஆபீசுக்கு மூன்று தடவை அலைந்தேன். சாதம் வடிக்கும்போது கஞ்சி கையில் கொட்டிவிட்டது. கொப்புளம் வந்த பிறகுதான் கொட்டியது தெரிந்தது. வைகாசியில் ஃபேக்டரியில் என்னோடு வேலை பார்த்தவர்கள் ஒரு கூடை பேனிஷா மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு துண்டை நாக்கில் வைத்தால் எந்தப் பக்கத்துத் தோட்டம் என்று சொல்வேன் என்று அவர்களுக்கு என்னிடம் ஒரு பெருமை. வெட்டித் தின்றேன். ஈரமாக இருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. "நல்லா இருக்குது" என்று சொல்லி அனுப்பினேன். அதிலிருந்து எல்லாரிடமும் எல்லாவற்றுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெல் வேலை செய்யாததால் சிலிண்டர்க்காரன் வந்து திரும்பிப் போவான். போஸ்ட்மேன் கேட்டில் செருகிவிட்டுப் போவான். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஆனி மாதத்தில் ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் படியில் ஒரு முருங்கைக் கீரைக் கட்டும் இரண்டு சுரைக்காயும் இருந்தன. யார் வைத்தது என்று விஜயம்மாவிடம் கேட்டேன். முந்தின நாள் ஒரு கிழவர் வந்தாராம், காணிப்பாக்கம் பக்கத்து ஊர். உன் அப்பா இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அன்றைக்குப் பார்த்துவிட்டு வந்த கன்றுக்குட்டி பிழைத்து இப்போது புல் மேய்கிறது, அதைச் சொல்ல வந்திருக்கிறார். பெல்லை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, வெயிலில் அந்தப் படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். விஜயம்மா கோயிலிலிருந்து வந்து விஷயத்தைச் சொன்ன பிறகு எழுந்து, கொண்டுவந்ததை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அப்போது உள்ளே சமையலறையில்தான் இருந்தேன். என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் செய்துகொண்டிருக்கவில்லை.

அன்று மத்தியானம் அலமாரியைத் திறந்து உன் போர்டை வெளியே எடுத்தேன். ரவுட்டரின் பாஸ்வேர்டு கேட்டு உனக்குச் செய்தி அனுப்பினேன். நீ பாஸ்வேர்டை மட்டும் அனுப்பினாய். அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு சொல் இல்லை. எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

ரவுட்டர் பக்கத்தைப் போனில் திறந்தேன். கூழ் டின்னில் ஒட்டுகிற லேபிளை எத்தனை வருஷம் சரிபார்த்திருக்கிறேன், இதைப் படிக்க முடியாதா என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் நான்கு பக்கத்துக்கு அப்புறம் எங்கிருந்து வந்தேன் என்று தெரியாமல் மாட்டிக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் லாவண்யா வந்தாள். சொல்லாமல் வந்து, ஜன்னல் பக்கம் சுற்றி வந்து, கையை ஆட்டினாள். கல்யாணம் ஆகாத பெண் தனியாக வரலாமா என்று ஏர்பேட்டில் அவள் அம்மா தடுத்தாளாம். "எங்க அத்தைய பாக்க நான் போறேன், இதுல இன்னா கீது" என்று கிளம்பி வந்திருக்கிறாள். பேச்சை எழுத்தாகக் காட்டுகிற ஒரு ஆப்பை என் போனில் போட்டுக் கொடுத்தாள். அது புத்தகத் தமிழ் மட்டும்தான் படித்திருக்கிறது போல. "இன்னா துன்னீங்க அத்தை?" என்று அவள் கேட்டால் அது "என்ன துணிங்க அத்தை" என்று எழுதியது. அதை மூடிவிட்டு அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்தாள்.

இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் செய்தோம். உன் போர்டின் மேல் நீ ஒட்டியிருந்த சீட்டில் போர்டுக்கு 20, சமையலறைக்கு 23, படுக்கை அறைக்கு 24 என்று கடைசி எண் மட்டும் எழுதியிருந்தது. முன்னால் வருகிற 192.168.1 எல்லாவற்றுக்கும் பொது. லாவண்யா சொன்னாள், "ரயில்ல ரிசர்வேஷன் மாதிரிதான் அத்தை. சாமானுக்குப் பொறந்தப்பவே ஒரு நம்பர் கீது, ஃபேக்டரியில போட்டது. அது மாறாது. இந்த ஆளு எப்ப வந்தாலும் இந்த சீட்டு இவனுக்குத்தான்னு ரவுட்டருக்கிட்ட எழுதிக் குடுத்துட்டா போதும்." போர்டில் உள்ள புரோகிராமை நாங்கள் தொடவே இல்லை. அது எந்த எண்ணைக் கூப்பிடுகிறதோ அந்த எண்ணையே பல்புக்கு எழுதி வைத்துவிட்டால் சரி என்று அவள்தான் கண்டுபிடித்தாள். ரவுட்டரில் ஒட்டியிருக்கிற சாமான்களின் பட்டியல் வந்தது. எது எது என்று பெயரை வைத்துத் தெரியவில்லை. ஒவ்வொரு பல்பாகப் போட்டு, எது புதிதாக வருகிறது என்று பார்த்துக் குறித்தோம். 23 என்ற எண் அப்போது டீவியிடம் இருந்தது. அன்றைக்கும் அதனிடம்தான் இருந்திருக்க வேண்டும் என்று லாவண்யா சொன்னாள், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். வாசலில் அமுக்க அமுக்க, போர்டு டீவியைக் கூப்பிட்டிருக்கிறது. டீவிக்குப் புரியவில்லை. நான் "சரி, மேலே பார்" என்றேன்.

முதல் தடவை சரியாக வரவில்லை. ஃபேக்டரி நம்பரில் 8 என்று இருந்ததை B என்று அடித்துவிட்டோம். ரவுட்டர் அதை ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டது. மறுபடி ஒவ்வொரு எழுத்தாக அவள் படிக்க நான் விரலை வைத்துச் சரிபார்த்தேன். என் போனுக்கும் ஒரு எண் வைக்கலாம், பெல் அடித்தால் அதுவும் அதிரும்படி பிறகு செய்துகொள்ளலாம் என்றாள். போன் மட்டும் தன் சொந்த நம்பரைச் சொல்லாமல் வைஃபைக்கு ஒரு பொய் நம்பரைச் சொல்லுமாம்; வீட்டு வைஃபைக்கு மட்டும் நிஜத்தைச் சொல் என்று அதன் செட்டிங்கில் மாற்றினோம். எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டு ரவுட்டரை அணைத்துப் போட்டோம். போர்டு, பல்புகள், டீவி எல்லாம் புதிதாக எண் வாங்கிக்கொண்டன. டீவிக்கு வேறு ஏதோ கிடைத்தது.

அவள் வாசலுக்குப் போனாள். நான் சமையலறையில் நின்றேன். பல்பு மின்னியது. மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றினேன், ரவுட்டர் எழுந்து வரும்வரை காத்திருந்து மறுபடி அமுக்கச் சொன்னேன். மின்னியது. இன்னொரு தடவை இறக்கினேன். அப்போதும் அதே எண், அதே மஞ்சள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நான் போதும் என்று சொல்லாததால் அவள் அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். பிறகு நின்றது. போய்ப் பார்த்தால் அவள் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். உள்ளே அழைத்து வந்து மோர் கொடுத்தேன். "அவர் தூங்கறதே இல்ல அத்தை," என்றாள். "கல்யாணம் வேணாம்னு சொல்லல. எப்போன்னு கேட்டா எழுந்து போயிடறாரு. யார் வீட்டு பெல் அடிச்சாலும் இவரு வாசலுக்கு ஓடறாரு. நான் என்னா பண்ணணும், நீங்க சொல்லுங்க." அன்று இரவு இங்கேயே தங்கு என்று சொன்னேன்.

மறுநாள் அவள் லீவு போட்டுவிட்டாள். இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த டாக்டரம்மா சின்ன வயது. எங்களை ஞாபகம் இல்லை, சொன்ன பிறகு ஞாபகம் வந்தது. முன்னாடி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நானே தமிழில் கேட்டேன். லாவண்யா தெலுங்கில் சொன்னாள். டாக்டர் மேஜையைப் பார்த்துப் பேசவில்லை, என்னைப் பார்த்துப் பேசினார். லாவண்யா ஒவ்வொரு வாக்கியமாகத் திருப்பிச் சொன்னாள். "சொல்ல முடியாதம்மா. ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து விழுந்தவர்களும் போயிருக்கிறார்கள். வெகுநேரம் கழித்து வந்து பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். முன்னாடி வந்தால் நல்லது என்று நாங்கள் எல்லாரிடமும் சொல்வோம். உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் எனக்குத் தெரியாது." நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால் உனக்கு நான் பொய்யாக ஆறுதல் சொல்லப் போவதில்லை. பல்பு மின்னவில்லை, அது நிஜம். செய்கிறேன் என்று சொல்லிச் செய்யாமல் போனாய், அதுவும் நிஜம். மின்னியிருந்தால் நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்திருப்பேன். அதற்கு அப்பால் என்ன ஆகியிருக்கும் என்பது டாக்டருக்கே தெரியவில்லை. உனக்கு மட்டும் எப்படித் தெரியும்? தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி வைத்துக்கொண்டு நீ தூங்காமல் இருக்கிறாய். இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் பல்பை நீ மாட்டுவதற்கு முன்னால் இந்த வீட்டில் பல்பே கிடையாது. அவர் அப்போதும் அந்தப் படியில்தான் நின்றார். உன் சித்தப்பா அதைப் பிடுங்கிப் போட்டதில் அவர் துக்கம் இருந்தது, நியாயம் இல்லை. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் அவர் வந்தபோது சொன்னேன். "நீங்க சொன்னது தப்பு தம்பி. அவன் அவங்க நைனாவுக்காகத்தான் அதை செஞ்சான்" என்றேன். என் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று எனக்குத் தெரியாது. விஜயம்மா எதிர் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் என் முகத்தைப் பார்த்து, "ஆத்திரத்துல சொல்லிட்டேன் அண்ணி" என்றார். கல்யாணத்தை வருஷம் திரும்பியபின் வைத்துக்கொள்ளலாம் என்றார். வருஷத்துக்குள்ளேயே செய்யலாம் என்று நான் சொல்லிவிட்டேன். உங்களுக்கு வீடு பார்க்கும்போது, எதை மாட்டினாலும் முதல் நாளே முழுசாக முடித்துவிடு. பிறகு செய்துகொள்ளலாம் என்று எதையும் வைக்காதே. உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. எந்த அம்மாவும் சொல்வதுதான்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்று. முந்தாநாள் நான் லாவண்யா வீட்டுக்கு ஏர்பேட்டுக்குப் போயிருந்தேன். அவள் அப்பா அம்மாவிடம் தேதி பேசினேன். நல்ல மனிதர்கள், பையன் மனசு சரியாகட்டும் என்று காத்திருக்கிறார்கள். திரும்பும்போது என்னைப் பஸ் ஏற்றிவிட லாவண்யாவும் வந்தாள், திருப்பதியில் இறங்கினோம். உன் கம்பெனி பஸ் வருகிற நேரம் என்று லாவண்யா சொன்னாள். ரேணிகுண்டா ரோட்டில் நீ இறங்குகிற இடத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றோம். இருட்டத் தொடங்கியிருந்தது, தள்ளுவண்டியில் விளக்குப் போட்டிருந்தார்கள். நீ இறங்கினாய். மெலிந்திருக்கிறாய். தள்ளுவண்டிக்காரரிடம் போய் நின்றாய். நிச்சயத்துக்குத் துணி எடுக்க வந்த அன்று நாம் நான்கு பேரும் அவரிடம்தான் தோசை சாப்பிட்டோம், அவருக்கு நம்மை ஞாபகம் இருக்கும். அவர் முதுகு எனக்குத் தெரிந்தது, அதனால் அவர் என்ன கேட்டார் என்று தெரியாது. உன் முகம் வெளிச்சத்தில் இருந்தது. நீ தட்டை வாங்கிக்கொண்டே சொன்னாய்: "அம்மாவா? அவங்க நல்லாக்கீறாங்க. அவங்களுக்கு இன்னா, தைரியமானவங்க."

லாவண்யா என் கையைத் தொட்டு, "கூப்பிடட்டுமா அத்தை?" என்றாள். வேண்டாம் என்றேன். நீ சாப்பிட்டு முடிக்கிறவரை நின்று பார்த்துவிட்டு, சித்தூர் பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு மடியில் வைத்திருந்த பை நனைந்துகொண்டிருந்தது. பாகாலாவுக்குப் பக்கத்தில்தான் நான் அழுகிறேன் என்று தெரிந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் தண்ணி பாட்டிலை நீட்டினாள். நான் நிறுத்தவே இல்லையாம், சித்தூர் வரைக்கும்.

அந்த மனிதரிடம் நீ சொன்னது சரியில்லை, தினா. நான் நன்றாக இல்லை. இதை நான் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். வந்து பார்.

அம்மா